சேர்வராயன் மலையின் இயற்கை அமைப்பு

சேர்வராயன் மலை என்பது தமிழ்நாட்டில் சேலம் நகருக்கு வடக்கே உள்ள ஒரு மலைத்தொகுதி ஆகும். இது கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் இதன் பெயர் 'செவராய்' என்று காணப்படுகிறது. மலையின் மேல்பரப்பில் ஏற்காடு என்னும் கோடை வாழிடம் அமைந்துள்ளது. 'ஏரி', 'காடு' என்ற இரு சொற்கள் சேர்ந்து இப்பெயர் உண்டானதாகக் கூறப்படுகிறது.

இம்மலையின் தோற்றம் பார்ப்பவருக்கு ஒரு கேள்வியை எழுப்பும். சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் சரிவுகள், மேலே அகன்ற மேட்டுநிலம், அதன் பள்ளத்தில் ஓர் ஏரி, கரிய பாறை, உச்சியில் சிவந்த மண் ஆகிய எல்லாம் இங்கே ஒருசேர உள்ளன. எனவே இது முற்காலத்தில் எரிந்து அணைந்த எரிமலையாக இருக்குமோ என்று மாணவர்கள் பலர் கேட்பதுண்டு. சேர்வராயன் மலை எரிமலை அன்று. பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டதால் வெளியே தெரியும் இடமே இம்மலை. எரிமலை என்று எண்ணவைக்கும் ஒவ்வோர் அடையாளத்துக்கும் வேறு காரணம் உண்டு. அக்காரணங்களை அறிந்தால் இம்மலையின் மண், நீர், காடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதும் விளங்கும்.

அமைவிடமும் எல்லைகளும்

தமிழ்நாட்டில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலைகளைப் போல இடைவிடாத சுவராக இல்லை. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை என அவை தனித்தனித் தொகுதிகளாக நிற்கின்றன. இவ்வைந்தில் உயரமானது சேர்வராயன் மலையே. இதன் பரப்பு ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர்.

மலையின் தெற்கே சேலம் நகரும் அதன் சமவெளியும் உள்ளன. மேற்கே ஓமலூர்ப் பகுதியும், வடமேற்கே தொப்பூர் கணவாயும் உள்ளன. சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை இக்கணவாய் வழியாகவே செல்கிறது. கிழக்கே மஞ்சவாடி கணவாய் இம்மலையைச் சித்தேரி மலைப் பகுதியிலிருந்து பிரிக்கிறது. சேலம்–அரூர் சாலை அதன் வழியே போகிறது. வடக்கே தருமபுரி மாவட்டத்தின் பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகள் உள்ளன. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதை, மலையைத் துளைக்காமல் அதன் மேற்குப் புறமாகச் சென்று லோக்கூர், பொம்மிடி வழியாக வடக்கே திரும்புகிறது. எல்லாப் பக்கங்களிலும் தாழ்நிலத்தால் சூழப்பட்ட தனிமலை இது என்பதை இப்பாதைகளைக் கொண்டே அறியலாம்.

நிலத்தோற்றம்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காட்டின் உயரம் பொதுவாக 1,515 மீட்டர் என்று குறிப்பிடப்படுகிறது. ஏரியை ஒட்டிய பள்ளமான பகுதி இதைவிடத் தாழ்வானது. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சிப் பகுதி சுமார் 1,620 மீட்டர் உயரம் உடையது. அடிவாரத்திலிருந்து மேட்டுநிலம் வரை ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம் மிகக் குறுகிய தொலைவில் நிகழ்கிறது. சேலத்திலிருந்து செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதற்குக் காரணம் இச்செங்குத்தான சரிவே.

சரிவு முடிந்ததும் நிலத்தின் இயல்பு மாறிவிடுகிறது. மேலே கூர்மையான சிகரங்கள் குறைவு. மெதுவாக ஏறி இறங்கும் மேடுகளும், அகலமான பள்ளங்களும், அவற்றுக்கிடையே ஓடைகளும் காணப்படும். வாணியாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு இம்மேட்டுநிலத்தைக் கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாகப் பிரிக்கிறது. மேற்பரப்பில் ஆங்காங்கே பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மலையின் விளிம்பிலுள்ள லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற காட்சிமுனைகளில் நின்றால், மேட்டுநிலம் எவ்வளவு திடீரென முடிந்து சமவெளிக்கு இறங்குகிறது என்பதைக் காணலாம்.

பாறை: சார்னோக்கைட்

சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. தமிழ்நாட்டில் கருங்கல் என்று பொதுவாக அழைக்கப்படும் கட்டடக் கற்களில் இதுவும் ஒன்று. புதிதாக உடைத்த சார்னோக்கைட் கரும்பச்சை அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்புடன் இருக்கும். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் எனப்படும் பைராக்சீன் வகைக் கனிமம் ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள்.

இப்பாறையின் பெயருக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கொல்கத்தா நகரின் தொடக்க காலத்தோடு தொடர்புடைய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறை, அந்நகரின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லறையின் கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதியைச் சேர்ந்த பாறை வகை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893ஆம் ஆண்டு இப்பாறைக்கு சார்னாக்கின் பெயரால் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று அண்டார்க்டிகா உட்பட உலகின் பல பகுதிகளில் இவ்வகைப் பாறை கண்டறியப்பட்டு, அதே பெயரால் வழங்கப்படுகிறது.

சார்னோக்கைட் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகும் பாறை. சேர்வராயன் மலையின் பாறைகளில் உள்ள கனிமங்களை ஆராய்ந்த புவியியலாளர்கள், அவை 700 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இன்றைய வடிவத்தைப் பெற்றன என்று கணித்துள்ளனர். இந்நிகழ்வின் காலம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள் என்பதால், பூமியின் வரலாற்றில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை இப்பாறைகள் கண்டுள்ளன.

இது எரிமலையா?

பள்ளிப் பாடநூல்களில் பாறைகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. எரிமலையிலிருந்து வெளியேறும் எரிமலைக் குழம்பு உறைந்து உருவாவது தீப்பாறையின் ஒரு வகை மட்டுமே. பாறைக்குழம்பு நிலத்துக்கு வெளியே வராமல் ஆழத்திலேயே மெதுவாக உறைந்தாலும் தீப்பாறை உருவாகும். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட்டில் ஒரு பகுதி முதலில் இவ்வாறு ஆழத்தில் உறைந்த பாறையாக இருந்து, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. எந்நிலையிலும் அது எரிமலை வாயின் வழியே வெளியே கொட்டியது அன்று.

இதற்கான சான்றுகளைப் பாறையிலும் நிலத்திலும் நேரடியாகக் காணலாம்.

முதலாவது, பாறையின் மணி அளவு. எரிமலைக் குழம்பு வெளிக்காற்றில் விரைவாகக் குளிர்வதால், அதில் உருவாகும் கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. பசால்ட் அவ்வகைப் பாறை. சேர்வராயன் மலைக் கல்லை உடைத்துப் பார்த்தால் கனிம மணிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். மிக ஆழத்தில், மிக நீண்ட காலம் வெப்பத்தில் இருந்ததன் அடையாளம் அது.

இரண்டாவது, வாயுத் துளைகள். எரிமலைக் குழம்பிலிருந்து வாயு வெளியேறும்போது, பொரிக்கும் அப்பத்தில் விழும் துளைகளைப் போலப் பாறையில் துளைகள் விழும். சார்னோக்கைட்டில் அத்தகைய துளைகள் இல்லை.

மூன்றாவது, அடுக்குகள். மகாராட்டிரத்தின் தக்காணப் பகுதியில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் பரவி உறைந்தது. அதனால் அங்குள்ள மலைகள் படிக்கட்டு போன்ற அடுக்குகளாகத் தெரியும். சேர்வராயன் மலையில் அத்தகைய குழம்பு அடுக்குகளோ எரிமலைச் சாம்பல் படிவுகளோ இல்லை.

நான்காவது, ஏரி. எரிமலை வாயில் உருவாகும் ஏரியைச் சுற்றிலும் வளையம் போன்ற விளிம்பு இருக்கும். ஏற்காடு ஏரி அத்தகைய வாயில் அமைந்தது அன்று. மேட்டுநிலத்தின் ஓடைகள் கூடும் பள்ளத்தில் நிற்கும் நீர்நிலை அது. வட்டமான ஏரி எல்லாம் எரிமலை வாய் என்று கொள்வதும் சரியன்று. மகாராட்டிரத்திலுள்ள லோனார் ஏரி எரிமலைப் பாறையின் நடுவில் இருந்தும், விண்கல் மோதியதால் உண்டானது.

இந்தியாவில் இன்றும் இயங்கும் எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஆகும். அது இரு புவித்தட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்று செல்லும் எல்லையை ஒட்டியது. சேலம் அத்தகைய எல்லையிலிருந்து வெகு தொலைவில், மிகப் பழமையான நிலத்தொகுதியின் உட்பகுதியில் உள்ளது.

ஆழத்துப் பாறை மேலே வந்தது எப்படி?

இருபது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை இன்று ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் நிற்பது வியப்பாகத் தோன்றலாம். இதற்கு இரு செயல்கள் இணைந்து காரணமாகின்றன. ஒன்று, மேலிருந்த பாறைகளை மழையும் ஆறுகளும் அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்றது. மற்றொன்று, சுமை குறையக் குறையக் கீழிருந்த நிலம் மேலெழுந்தது. ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கும்போது பரிசல் சிறிது சிறிதாக நீருக்கு மேல் எழுவதைப் போன்றது இது. பூமியின் மேலோடு, அதன் அடியிலுள்ள அடர்த்தி மிகுந்த பகுதியின் மேல் மிதப்பது போல அமைந்துள்ளது. மேற்பாரம் நீங்கினால் அது உயரும். பழங்காலத்தில் நிலத்தொகுதிகள் ஒன்றோடொன்று மோதியதும் இம்மேலெழுச்சிக்குத் துணை செய்தது.

இதன் வேகத்தை எளிய கணக்கால் உணரலாம். 20 கிலோமீட்டர் பாறை 250 கோடி ஆண்டுகளில் அரிக்கப்பட்டது என்று கொண்டால், சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அரிப்பு நடந்திருக்க வேண்டும். உண்மையில் அரிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக நடந்திருக்காது. சில காலங்களில் விரைவாகவும் சில காலங்களில் மிக மெதுவாகவும் நடந்திருக்கும். எனினும் இயற்கை இங்கே எவ்வளவு பொறுமையாக வேலை செய்துள்ளது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

சுற்றியுள்ள நிலம் தாழ்ந்து மலை மட்டும் நிற்பதற்கும் காரணம் உண்டு. சேலத்துக்கும் ஆத்தூருக்கும் இடையே செல்லும் தாழ்நிலம் போன்றவை, பழங்காலத்தில் பாறைகள் நொறுங்கி நழுவிய பலவீனமான பட்டைகளை ஒட்டியவை. பலவீனமான பாறையை ஆறுகள் எளிதில் அரித்தன. உறுதியான சார்னோக்கைட் தொகுதி எஞ்சி நின்றது. ஆகவே சேர்வராயன் மலை குவிந்து எழுந்த மலை அன்று. அரிப்புக்குப் பின் எஞ்சிய மலை.

அடிவாரத்து வெள்ளைக்கல்

சேலத்துக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில் கருப்பூர்ப் பகுதியில் வெண்மையான திட்டுகளுடன் தாழ்ந்த கரடுகள் உள்ளன. ஆங்கிலேயர் இவற்றைச் சாக் ஹில்ஸ் என்று அழைத்தனர். இங்கே இருப்பது சுண்ணாம்பு அன்று; மேக்னசைட் என்னும் கனிமம். மக்கள் இதை வெள்ளைக்கல் என்பர். சேலத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கு மேக்னசைட் என்றே பெயர்.

பூமியின் மேலோட்டுக்கும் கீழிருந்து வந்த, மெக்னீசியம் மிகுந்த டூனைட் வகைப் பாறைகள் இங்கே நிலத்துக்குள் ஊடுருவி உறைந்தன. பின்னர் கரியமில வாயு கலந்த நீர் அப்பாறையின் வெடிப்புகளில் ஊடுருவியபோது, மெக்னீசியம் அதனுடன் சேர்ந்து வெள்ளைக் கோடுகளாகப் படிந்தது. உருக்காலை உலைகளின் உட்புறத்தில் வைக்கும் தீச்செங்கல் செய்ய மேக்னசைட் பயன்படுகிறது. இப்பகுதியின் ஆழத்துப் பாறைக்குழம்புக்கு இது தெளிவான சான்று. ஆயினும் இதுவும் நிலத்துக்குள் நடந்த ஊடுருவலே.

உச்சியின் செம்மண்ணும் பாக்சைட்டும்

எரிமலை என்ற எண்ணத்துக்கு இடம் தரும் மற்றோர் அடையாளம் உச்சியிலுள்ள சிவந்த, கட்டியான மண். இது வெந்த மண் அன்று. வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில், பாறை நீண்ட காலம் சிதைவுறுவதால் உண்டாகும் லேட்டரைட் படிவம். ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களில் உள்ள சிலிக்காவையும் பிற கரையும் பொருள்களையும் மழைநீர் கரைத்துச் செல்கிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பு துருப்பிடித்துச் சிவப்பு நிறம் தருகிறது. அலுமினியம் மிகுந்த படிவம் பாக்சைட் எனப்படும்.

பாக்சைட் உருவாகச் சமதளமான உச்சி தேவை. சரிவில் மண் உருவாகும் முன்பே மழை அதை அடித்துச் சென்றுவிடும். அதனால்தான் பாக்சைட் மலையின் உயர்ந்த, தட்டையான பகுதிகளில் மூடி போலக் காணப்படுகிறது. மகாராட்டிரத்தில் எரிமலைப் பாறையின் மேலும் இத்தகைய படிவம் உண்டு. சேர்வராயன், கொல்லி மலைகளில் சார்னோக்கைட்டின் மேலும் உண்டு. ஆகவே செம்மண்ணைக் கொண்டு அடியிலுள்ள பாறை எரிமலைப் பாறை என்று முடிவு செய்ய இயலாது.

பாக்சைட் அலுமினியத்தின் மூலப்பொருள். மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் 1965ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான பாக்சைட் சேர்வராயன், கொல்லி மலைகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. நுண்துளைகள் நிறைந்த இம்மேல்மூடி மழைநீரை உள்வாங்கி மெதுவாகக் கசியவிடும் இயல்புடையது. அதை அகற்றும்போது கனிமத்தோடு நீரைத் தேக்கும் இடமும் குறைகிறது. மீண்டும் உருவாக மனிதக் கணக்குக்கு எட்டாத காலம் பிடிக்கும் படிவம் அது.

தட்பவெப்பம்

உயரம் கூடக்கூட வெப்பம் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவிதி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 1,100 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு இருப்பதால், ஒரே நாளில் இரு இடங்களுக்கும் 7 முதல் 8 டிகிரி வரை வேறுபாடு இருப்பது இயல்பு. சேலம் கோடையில் கடுமையாகச் சுடும் நாள்களிலும் ஏற்காட்டில் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

ஏற்காடு ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. இது சேலம் சமவெளியின் மழையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே இங்கே மழை தருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழையும் உண்டு. ஈரக்காற்று தனித்து நிற்கும் மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகி மழையாகிறது. சமவெளியின் நடுவே இம்மலை இல்லையென்றால் அந்த மழையில் ஒரு பகுதி இப்பகுதிக்குக் கிடைத்திருக்காது.

ஆறுகளும் ஏரியும்

பரப்பில் சிறியதாயினும் சேர்வராயன் மலை இரு பெரிய ஆற்று வடிநிலங்களுக்கு நீர் தருகிறது. திருமணிமுத்தாறு இம்மலையின் கிழக்குப் பகுதியில் தோன்றி, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. மேற்குச் சரிவின் ஓடைகள் ஓமலூர் அருகே இணைந்து சரபங்கா ஆறாகி, எடப்பாடி வழியாகக் காவிரியை அடைகின்றன. வாணியாறு வடகிழக்காக இறங்கித் தருமபுரி மாவட்டத்தில் பாய்ந்து தென்பெண்ணையில் கலக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இதன் குறுக்கே வாணியாறு அணை கட்டப்பட்டுள்ளது.

ஏற்காடு ஏரியிலிருந்து வழியும் நீர் கிளியூர் அருவியாக விழுகிறது. இவ்வருவியின் உயரம் சுமார் 90 மீட்டர். மழைக்காலத்தில் மட்டுமே இது முழு வேகத்துடன் விழும். மேட்டுநிலத்தில் மெதுவாக ஓடிவரும் ஓடை, விளிம்புக்கு வந்ததும் திடீரெனக் கீழே விழும் இடமே அருவி. மேலே மென்மையான நிலம், விளிம்பில் செங்குத்தான வீழ்ச்சி என்ற இம்மலையின் அமைப்பை இந்த ஓர் ஓடையின் போக்கிலேயே காணலாம்.

சார்னோக்கைட் தன்னளவில் நீரைத் தேக்காது. அதில் நீர் நிற்பதற்கு இரு இடங்களே உண்டு: பாறையின் வெடிப்புகள், பாறையின் மேலுள்ள சிதைந்த மண்படலம். மழைநீரை இப்படலம் உறிஞ்சி வைத்து, கோடையில் சுனைகளாகவும் ஊற்றுகளாகவும் வெளிவிடுகிறது. மண் அரிக்கப்பட்ட இடங்களில் மழைநீர் பாறையின் மேல் வழிந்து உடனே கீழே போய்விடும். மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் உண்டாகும். ஆகவே சேர்வராயனின் ஆறுகள் ஆண்டில் எத்தனை மாதம் ஓடும் என்பதை மழையின் அளவோடு மண்படலத்தின் தடிமனும் முடிவு செய்கிறது.

உச்சியிலுள்ள குகைக் கோயிலில் மக்கள் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் ஒருங்கே வழிபடுகின்றனர். மலைக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவை இவ்வழிபாட்டு மரபும் சுட்டுகிறது.

காடுகளும் உயிரினங்களும்

அடிவாரத்தில் முட்புதர்களும் கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடுகளும் உள்ளன. சரிவுகளில் மூங்கிலும் சந்தன மரமும் வளரும். மேலே செல்லச் செல்ல ஈரப்பதம் கூடி, ஓடைகளின் ஓரமாகப் பசுமை மாறாச் சோலைகள் காணப்படும். காட்டெருதுகளும் இம்மலையில் உண்டு.

சூழ்ந்துள்ள வெப்பமான சமவெளி, குளிர்ச்சியான மேட்டுநிலத்தில் வாழும் சிற்றுயிர்களுக்குக் கடல் போன்ற தடை. கடலால் சூழப்பட்ட தீவில் தனி இனங்கள் தோன்றுவதைப் போல, இத்தகைய தனிமலைகளிலும் தனி இனங்கள் தோன்றுகின்றன. 2000ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு பல்லி இனத்துக்கு ஏற்காட்டின் பெயராலேயே நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு வகை ஒன்றும், வெர்னோனியா செவராயென்சிஸ் என்னும் மரமும் இம்மலையின் பெயரோடு தொடர்புடையவை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1960களில் ஏற்காட்டில் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பல வகை ஆர்க்கிட் செடிகள் பாதுகாக்கப்படுகின்றன.

மனித வாழ்வும் நிலமாற்றமும்

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையில் வாழ்வோர் என்ற பொருளுடையது. கேரளத்தின் மலையாள மொழியினரை இது குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுச் செய்தி. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அவர்களின் பழைய பயிர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாகும்.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன் பின் சோலைகளின் பெரும்பகுதி காப்பித் தோட்டங்களாயின. காப்பிக்கு நிழல் தேவை என்பதால் தோட்டங்களில் உயர்ந்த மரங்கள் விடப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்களும் நடப்பட்டு, அவற்றில் மிளகுக் கொடி ஏற்றப்பட்டது. நிழல்மரங்கள் உள்ள தோட்டம் சோலைக்கு ஈடாகாது. எனினும் மழைத்துளியின் வேகத்தைக் குறைத்து, உதிர்ந்த இலைகளால் மண்ணைக் காப்பதால், வெட்டவெளியாக்கப்பட்ட நிலத்தைவிட அது மிக மேலானது.

மண்சரிவு

சரிவுகளில் சிதைந்த மண்படலம் உறுதியான பாறையின் மேல் அமர்ந்துள்ளது. பெருமழையில் மண்ணுக்குள் இறங்கும் நீர் பாறையைத் தொட்டதும் மேலும் இறங்க வழியின்றி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே சேர்கிறது. மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ சரிவின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருந்தால் மேலே உள்ள மண் தாங்கலின்றி நழுவும். உருண்டைப் பாறைகளும் அதனுடன் உருளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டு, வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

மலை எரிமலை அன்று என்பதால் ஆபத்து இல்லை என்று பொருளில்லை. இங்குள்ள ஆபத்து மேலிருந்து பெய்யும் மழையும், அதைத் தாங்கும் மெல்லிய மண்ணும் சார்ந்தது. மரங்களின் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. வடிகால் சீராக இருந்தால் நீர் தேங்காமல் வெளியேறுகிறது. ஓடைகளின் வழி அடைபடாமல் இருந்தால் வெள்ளம் தன் பாதையிலேயே போகிறது. இவை மூன்றும் மனிதரால் காக்கக் கூடியவை.

சேர்வராயன் மலையின் பாறை 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. அதை மனிதர் எளிதில் அழித்துவிட முடியாது. அப்பாறையின் மேல் போர்த்தியுள்ள சில மீட்டர் மண்ணின் நிலை வேறு. சுனை, சோலை, காப்பித் தோட்டம், கீழே ஓடும் மூன்று ஆறுகள் அனைத்தும் அந்த மண்ணையே நம்பியுள்ளன. எரிமலை நிலங்களில் புதிய குழம்பும் சாம்பலும் அவ்வப்போது புதிய மண்ணுக்கு வழி செய்யும். சேர்வராயனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே இழக்கும் மண்ணை, பாறை சிதைந்து சிதைந்து மிக மெதுவாகத்தான் ஈடுசெய்ய முடியும்.